மலையேறும்போது நெஞ்சு படபடத்தால்

(பண்டாரவளையில் நடந்த மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள விசயத்தைத் தலைவர் மத்தியானம் பேசுவார். எனக்குத் தந்த நேரத்தில் நான் சொல்லப்போவதும் சம்பளத்தோடு ஒட்டியதுதான்.

மழைக்காலம் வந்தால் நம் பெண்கள் என்னிடம் சொல்வது இது: "மலையில ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது. மூச்சு வாங்குது. பாதி மலையில குந்திடுறேன்." குந்தினால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர். கங்காணி நடிப்பு என்கிறார். வீட்டில் காத்துக் கறுப்பு என்று கயிறு கட்டுகிறார்கள். மருந்து கேட்டுப் போனால் இரண்டு பெனடோல்.

நானும் அப்படிக் குந்தினவள்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, நான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தகரத்தில் மழை விழுந்தாலே என் நெஞ்சு ஓடத் தொடங்கிவிடும். இரண்டு மாதத்தில், பதினைந்து வருடம் ஏறின மலையில் என்னால் பாதி கூட ஏற முடியவில்லை. இதயம் கெட்டுப்போச்சு, சாகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

என்ன நடக்கிறது என்பதைப் பிறகுதான் ஒரு டொக்டர் விளக்கினார். பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகும். அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலந்து இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். சும்மா இருக்கும்போது நிமிசத்துக்கு 60 முதல் 100 வரை அடிப்பது வழக்கம். பயந்தவருக்கு உட்கார்ந்திருக்கும்போதே நூறைத் தாண்டலாம். அதோடு மலையேறினால் எப்படி இருக்கும்? மூச்சையும் வேகவேகமாக இழுக்கிறோம். அப்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதைப் பார்த்து இன்னும் பயம். "இனி மலைக்குப் போகமாட்டேன்" என்று லயத்தில் இருந்துவிடுவோம். சில வாரத்தில் கால் தசையும் இதயமும் பழக்கம் விட்டுப்போகும். பிறகு பீலிக்குப் போய்த் தண்ணீர் தூக்கினாலே படபடக்கும். நான் அப்படித்தான் ஆனேன்.

இது நம் பெண்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் சிப்பாய்களுக்கு இதே படபடப்பும் இளைப்பும் வந்ததை டா கொஸ்டா என்ற டொக்டர் 1871இல் எழுதி வைத்தார். முதலாம் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வந்தது. "சிப்பாய் இதயம்" என்றே பெயர் வைத்தார்கள். முதலில் மாதக்கணக்கில் கட்டிலில் படுக்க வைத்தார்கள், அது சரிவரவில்லை. தோமஸ் லூயிஸ் என்ற இதய வைத்தியர் அவர்களை எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார். பலர் வேலைக்குத் திரும்பினார்கள். இதன் வேர் பெரும்பாலும் பயம்தான் என்று 1941இல் லண்டனில் போல் வூட் என்பவர் எடுத்துச் சொன்னார். துவக்குப் பிடித்த ஆம்பளைக்கு வந்தபோது அதற்குப் பெயரும் ஆஸ்பத்திரியும் கிடைத்தது. கூடை தூக்குகிற பொம்பளைக்கு வந்தால் நடிப்பாம்!

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். படபடப்பு எல்லாமே பயம் இல்லை. நம்மில் நிறையப் பேருக்கு இரத்தம் காணாது. இரத்தம் குறைந்தாலும் இதே இளைப்பு, இதே படபடப்புத்தான் வரும். தைரொயிட் கூடினாலும் வரும், இதயக் கோளாறிலும் வரும். அதனால் முதலில் இரத்தம் சோதியுங்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது, கர்ப்பிணிகளுக்கு 11க்குக் குறையக்கூடாது. இரும்புச்சத்துக் குளிசை தந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள், தேத்தண்ணியோடு வேண்டாம். ரொட்டி தின்ற கையோடு சாயம் குடிக்கிற பழக்கத்தையும் ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். சாயம், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. உலகத்துக்கே தேயிலை கொடுக்கிற நாம் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தோம். ஈசீஜீயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பாஷை தெரியாது என்று கூச்சப்படாதீர்கள். "பப்புவ கெஹெனவா" என்றால் சிங்கள நர்ஸ் அம்மாவுக்கு விளங்கும். எந்த நேரம் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மயங்கி விழுந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், கால் வீங்கினால் பயம் என்று சொல்லிக்கொண்டு இருக்கவே கூடாது. 1990க்கு அடியுங்கள், அம்பியுலன்ஸ் காசில்லாமல் வரும்.

சோதனை எல்லாம் சரி என்றால், திரும்ப ஏறத்தான் வேண்டும். ஒரேயடியாக இல்லை. நான் முதல் வாரம் லயத்திலிருந்து கோயில் வரைக்கும் சமரோட்டில் நடந்தேன். கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். படபடப்பு வந்தால் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த இடத்திலேயே நின்று, மூக்கால் மெதுவாக இழுத்து, வாயால் அதைவிட நீளமாக விட்டேன். அடங்கியதும் இன்னும் பத்தடி. பிறகு சின்ன ஏற்றம், பிறகு வெறுங்கூடை, பிறகு பாதிக் கூடை. மூன்று மாதம் பிடித்தது. இடையில் மழை பெய்து இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கினேன். பதுளை ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. போக முடியாதவர்கள் 1926க்கு அடித்துப் பேசலாம். படபடப்பைக் குறைக்கிற குளிசையும் உண்டு, ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். இழுப்பு உள்ளவருக்கு அது ஆபத்து.

இன்னொன்று. இந்தப் பயம் வீண்பயம் இல்லை. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சனம் அங்கேயே இருந்தது, போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலிலும் பதுளை மாவட்டத்தில் மண்சரிந்து ஆட்கள் போனார்கள். வெடித்த சரிவுக்குக் கீழே படுத்திருக்கிற பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து மட்டும் என்ன பிரயோசனம்? அவளுக்குப் பத்திரமான இடத்தில் காணியும் வீடும் வேண்டும். அதை நாம் விடப்போவதில்லை.

அது வரும்வரை, தோட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்கப்போவது சின்ன விசயம். டொக்டர் துண்டு கொண்டு வருகிற பெண்ணுக்கு ஆறு வாரம் லயத்துக்குக் கிட்டின மலையில், சமமான இடத்தில் வேலை. அந்த ஆறு வாரமும் கிலோவைப் பார்த்து அரைப்பேர் போடக்கூடாது. மாதம் ஒரு தடவை பிள்ளை மடுவத்தில் இரத்தச் சோதனை. இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் இப்படி அரைப்பேர் வாங்கினவர்களின் திகதிகளைத் தந்தால் அதோடு சேர்ப்போம். யார் பெயரும் வெளியே போகாது.

இப்போது எல்லாரும் இடது கையை நீட்டுங்கள். பெருவிரல் பக்கமாக, மணிக்கட்டுக்குக் கீழே வலது கையின் இரண்டு விரலை வையுங்கள். துடிப்புத் தெரிகிறதா? மணிக்கூடு வைத்திருக்கிற அண்ணன், ஒரு நிமிசம் பார்த்துச் சொல்லுங்கள். எண்ணத் தொடங்குவோம்.