மிக்ஸர் என்றால் ஓமப்பொடி அல்ல
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மிக்ஸர் வடிவமைப்பு பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும், ஒரு நண்பர் "ஓமப்பொடி எவ்வளவு, கடலை எவ்வளவு?" என்று கேட்டார். பாதி சரி. இதுவும் கலக்கிற சமாச்சாரம்தான். பழைய வால்வு ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த அலையோடு, பெட்டிக்குள்ளேயே உண்டாக்கிய இன்னொரு அலையைக் கலந்து, வித்தியாசத்தை 455 கிலோஹெர்ட்ஸில் பிடித்துப் பெருக்கினோம். மீடியம் வேவில் முள் 557 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது என்று வையுங்கள். நீராவி மூலக்கூறு பேசுவது 557 கிகாஹெர்ட்ஸில், அதாவது பத்து லட்சம் மடங்கு மேலே. அலைநீளம் அரை மில்லிமீட்டர் சொச்சம்.

இந்த உயரத்தில் நெடுங்காலம் நல்ல பெருக்கி கிடையாது. ஆன்டெனாவில் விழுந்த சிக்னல் நேரே மிக்ஸருக்குத்தான் வரும். அங்கே தொலைத்தது தொலைத்ததுதான். பிறகு எத்தனை பெருக்கினாலும் திரும்பாது.

மிக்ஸரின் உயிர் ஷாட்கி டயோடு. காலியம் ஆர்சனைடு மேல் ஓர் உலோகப் பொட்டு, அவ்வளவுதான். பொட்டு பெரிசானால் கெபாசிட்டன்ஸ் கூடும். சிறிசானால் மின்தடை ஏறும். 10 ஓம், 2 ஃபெம்டோஃபாரட் கிடைத்தால் வெட்டு அதிர்வெண் 8 டெராஹெர்ட்ஸ். 557 கிகாஹெர்ட்ஸுக்கு இது தாராளம் என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும்! பொட்டைச் சுற்றியுள்ள உலோகமே இன்னும் சில ஃபெம்டோஃபாரட்டைச் சேர்த்துவிடும். டயோடைவிட அதன் அக்கம்பக்கம்தான் தலைவலி.

பொட்டுக்குக் கம்பி இழுப்பது எப்படி? தேன்கூடு மாதிரி பொட்டுகள் நிறைந்த சில்லின் மேல், கூராக்கிய கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ஒரு பொட்டில் அமர்த்தணும். பூக்கட்டுகிற விரல் வேண்டும். அதை ராக்கெட்டில் ஏற்றிக் குலுக்கினால்? ஆனாலும் தாங்கியது. 1991இல் கிளம்பிய யுஏஆர்எஸ் செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் கருவி, 204 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓசோனைத் தின்னும் குளோரின் மோனாக்சைடை அப்படித்தான் அளந்தது.

பிறகு கம்பி போய், சில்லிலேயே வார்த்த உலோக விரல் வந்தது. எதிரெதிராக இரண்டு டயோடு வைத்தால், உள்ளே உண்டாக்கும் அலை பாதி அதிர்வெண்ணில் இருந்தாலே போதும். எங்கள் தொழிலில் இது பெரிய வரம். ரொசெட்டா விண்கலத்தின் மிரோ கருவி இந்த வகை மிக்ஸரோடு 2004இல் கிளம்பியது. 2014 ஜூன் 6 அன்று, மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு இப்பால் இருந்தே, 67பி வால்நட்சத்திரம் நொடிக்கு இரண்டு சின்னத் தம்ளர் தண்ணீர் விடுவதைக் கண்டுபிடித்தது.

சூப்பர்கண்டக்டர் மிக்ஸர் இன்னும் நுட்பமாகக் கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 4 கெல்வின் குளிர் வேண்டும். 2009இல் போன ஹெர்ஷெல் தொலைநோக்கி, 2013 ஏப்ரலில் ஹீலியம் தீர்ந்ததும் கண்ணை மூடிவிட்டது. பத்து வருஷப் பயணத்துக்கு ஹீலியம் கட்டிக்கொண்டு போக முடியுமா? ஷாட்கிக்குச் சாதாரண வெப்பமே போதும். என் ஓட்டு அதற்குத்தான்.

மேடைக்குக் கீழே ஒரு மிக்ஸர் பிளாக்கும் லென்ஸும் வைத்திருக்கிறேன். அலை நுழையும் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. காபி நேரத்தில் வந்து பாருங்கள். கிட்டே வந்து தும்ம மட்டும் வேண்டாம்.