சின்ன வள்ளமா, பெரிய வள்ளமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் நம்ம குழு ஒன்றில் நல்ல சண்டை. கடன் வாங்கி பைபர் வள்ளம் எடுப்பது என்று முடிவாகிவிட்டது. 18 அடியா, 28 அடியா என்பதில்தான் குழு ரெண்டாகப் பிரிந்தது. பெரிசு ஏன் வேணும் என்று கேட்டோம். "பக்கத்துத் தெரு குழுகிட்ட பெரிசுதானே இருக்கு" என்று ஒரு அக்கா உண்மையைச் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

சின்ன வள்ளத்துக்கு ரெண்டு பேர் போதும். அப்பாவும் மகனும் போய் வரலாம். பெரிசுக்கு நாலு பேராவது வேணும். வலை அதிகம், எண்ணெய் அதிகம், கரையேற்ற டிராக்டர் வாடகை வேறு.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். செலவு போக மிச்சத்தில் பாதி வள்ளம், எஞ்சின், வலைக்கு. பாதி போன ஆட்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் இது மாறும். சின்ன வள்ளத்தில் 3,000 ரூபாய்க்கு மீன், செலவு 600. மிச்சம் 2,400. வள்ளத்துக்கு 1,200, ஆளுக்கு 600. பெரிய வள்ளத்தில் 6,000 ரூபாய்க்கு மீன், செலவு 2,800. மிச்சம் 3,200. வள்ளத்துக்கு 1,600, ஆளுக்கு 400 தான்.

மீன் ரெட்டிப்பு, ஆள் பங்கு குறைச்சல். ஆள் நிற்பானா? வேற வள்ளத்துக்குப் போயிடுவான். சின்னது மாசம் 20 நாள் போனால் வள்ளப் பங்கு 24,000. பெரிசு ஆள் இல்லாமல் 12 நாள்தான் போனது என்றால் 19,200. தவணை இதிலிருந்துதான் கட்டணும், சகோதரிகளே.

ஆளைப் பிடித்துவைக்க முன்பணம் கொடுக்கணும். அதுக்கு வியாபாரியிடம் கை நீட்டுவோம். பிறகு மீன் அவருக்குத்தான், விலையும் அவர் சொல்வதுதான். கூடை தூக்கி விற்கிற நமக்குச் சொந்த வள்ளத்து மீனே கிடைக்காது. எங்களுக்குப் பயமே இதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு அள்ளிக் கொடுத்த வள்ளங்களில் சிலது ஆள் இல்லாமல் மணலில் கிடந்ததை நாம் மறக்கவில்லை.

அதுக்காகப் பெரிசே கூடாது என்று சொல்லவில்லை. ஒரே வீட்டில் நாலு பேர் கடலுக்குப் போகிறார்கள், தூரம் போய் வலை விடும் பழக்கமும் இருக்கு என்றால் பெரிசுதான் சரி. வாடைக் காலத்தில் சின்ன வள்ளம் பல நாள் கரையில் கிடக்கும், அதையும் மறைக்கக் கூடாது. அந்த மாதத் தவணைக்கு முன்கூட்டியே சேர்த்து வைக்கணும்.

கடைசியில் அந்தக் குழுவில் ஒரு வேலை கொடுத்தோம். யார் யார் கடலுக்கு வருவாங்க, வீட்டில் கேட்டுப் பேர் எழுதி வாங்க என்றோம். அடுத்த கூட்டத்தில் எழுதி வந்தது ரெண்டே பேர். பெரிசு கேட்ட அக்காவின் வீட்டுக்காரர் பேர் அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை 18 அடிக்கு விலை கேட்கப் போகிறோம். பைபரில் குமிழ், வெடிப்பு இருக்கா, மிதக்கிறதுக்கு உள்ளே தெர்மாகோல் அடைத்திருக்கா என்று பார்க்கணும். மீன்வளத்துறைப் பதிவு யார் பேரில் என்பதையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிடுவோம்.