ரெண்டு சட்டை, ஒரு துண்டு

கோடம்பாக்கம் சினிமாவில் ஒரே பாட்டுக்குள் நாயகன் ஐந்து சட்டை மாற்றுவார். பெட்டி தூக்க ஆள் உண்டு. நம் பையை நாமேதானே சுமக்கவேண்டும்?

சென்னையைச் சிக்கனமாகச் சுற்ற வருபவர்களுக்கு ரெண்டு பருத்திச் சட்டை போதும். கட்டம் போட்டதென்றால் கசங்கினாலும் அழுக்கானாலும் சட்டென்று தெரியாது. போதவில்லையா? கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறுங்கள், டிக்கெட் ஐந்து ரூபாய்தான். 1931-இலிருந்து மின்சாரத்தில் ஓடும் தடம் இது. அடுத்த நிலையம் மாம்பலம். இறங்கினால் துணிக்கடைகள் நிறைந்த ரங்கநாதன் தெரு. முதல் கடையிலேயே பர்ஸைத் திறக்காதீர்கள். சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். நூல் தொங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஈரிழைத் துண்டு. குளித்தால் துவட்டலாம், வெயிலில் தலையில் போடலாம், சுருட்டினால் தலையணை. ராத்திரி அலசி மின்விசிறிக்குக் கீழே விரித்தால் விடிவதற்குள் காய்ந்துவிடும். கனத்த டர்க்கி டவலோ இந்த ஊர்ப் புழுக்கத்தில் மறுநாளும் ஈரவாடை அடிக்கும். பாலியெஸ்டர் சட்டை? ஆபீஸ் நேர ரயிலில் ஒருமுறை போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள், நான் சொல்லவே வேண்டாம்!