வந்து போகும் அறிகுறிகள்

25 வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சில வாரங்களில் பார்வை தானாகத் தெளிந்துவிட, அவளும் அதை மறந்துவிடுகிறாள். அடுத்த ஆண்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது, கால் தடுமாறுகிறது. அதுவும் சரியாகிவிடுகிறது. கண்ணுக்கு வந்ததையும் காலுக்கு வந்ததையும் யார் சேர்த்துப் பார்ப்பார்கள்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் பலரிடம் இப்படித்தான் தொடங்குகிறது. சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள்.

நரம்பிழைகளுக்கு மயலின் என்றொரு உறை உண்டு. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையைத் தாக்குகிறது. பார்வை நரம்பில் தாக்கினால் கண் மங்கும். தண்டுவடத்தில் என்றால் கை கால் மரக்கும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும். சிறுமூளையில் என்றால் நடை தள்ளாடும். அழற்சி தணிந்ததும் அறிகுறியும் தணிகிறது. ஆனால் தழும்பு உள்ளே தங்கிவிடுகிறது. பாரிசில் ஷார்கோ என்ற மருத்துவர் 1868-லேயே இந்தத் தழும்புகளை நோயோடு தொடர்புபடுத்தி விளக்கினார். இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அவை தெரிகின்றன.

இந்த நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். சுமார் 85 சதவீதம் பேருக்குத் தொடக்கத்தில் விட்டு விட்டே வருகிறது. உலகில் 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020-இல் கணக்கிட்டார்கள். வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் மிகுதி. இந்தியாவில் அதைவிடக் குறைவு. குறைவு என்பதாலேயே இங்கே இதைச் சந்தேகிக்கவும் தாமதமாகிறது.

இந்நோயின் அறிகுறிகளில் நம் ஊர் வெயிலுக்கும் பங்குண்டு. உடல் சூடேறினால் எம்.எஸ். உள்ளவருக்குப் பார்வை சற்று மங்கும், கால் தளரும். உடல் குளிர்ந்ததும் சரியாகும். இது புதிய பாதிப்பு இல்லை, பயப்பட வேண்டாம். இன்னொரு அறிகுறி அசதி. நன்றாகத் தூங்கி எழுந்தாலும் போகாத அசதி அது. ஸ்கேனில் அதை அளந்து காட்ட முடியாது. அதனால் வீட்டில் 'சோம்பேறி' என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அதுவும் நோயின் பகுதிதான்.

எம்.எஸ். உள்ள பெண் தாயாக முடியாது என்பதும் தவறு. கருவுற்ற காலத்தில், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், நோயின் தாக்குதல் பொதுவாகக் குறைகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய சில மாதங்களில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவரோடு பேசித் திட்டமிடுவது நல்லது.

இந்த நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் வரத் தொடங்கிவிட்டன. தழும்புகள் சேருவதற்கு முன்பே தொடங்கினால்தான் அவற்றின் பலன் முழுமையாகக் கிடைக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் இந்த நோய் இடம்பெற்றிருக்கிறது. உரிய அளவு பாதிப்பு உள்ளவர்கள் சான்றிதழ் கேட்டுப் பெறலாம்.

பார்வை மங்கினாலோ, கை கால் மரத்தாலோ, நடை தடுமாறினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் காட்டுங்கள். முன்பு வந்துபோன தொல்லைகளையும் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அவற்றைச் சேர்த்துப் பார்க்க முடியும்.