கைராசி இல்லையா? இலையைத் தொட்டுப் பாருங்க

மாடித்தோட்டம் பத்திப் பேச்செடுத்தாலே என் நண்பர்கள் சொல்றது, "எனக்குக் கைராசி இல்லப்பா, எது வச்சாலும் செத்துடுது." எந்தச் செடின்னு கேட்டா, அடிக்கடி வர்ற பேரு டஸ்டி மில்லர். நர்சரியில வெள்ளிப் பொடி தூவின மாதிரி இலையோட நிக்குமே, அதுதான். பல வருஷம் வாழக்கூடிய செடி. நம்ம வீட்டுக்கு வந்தா சில மாசத்துல போயிடுது. பெரும்பாலும் காரணம் கைராசி இல்ல, தண்ணி.

இலையைத் தடவிப் பாருங்க, வெல்வெட் மாதிரி இருக்கும். அந்த வெள்ளி நிறமே மெல்லிய முடிகள்தான். இந்தச் செடியோட பூர்வீகம் மத்தியதரைக் கடலோரம். அங்கே கோடையில மழை அபூர்வம். அந்த முடிகள் வெயிலைத் திருப்பி அனுப்பும், இலையிலிருந்து ஈரம் போறதையும் குறைக்கும். அப்படிப்பட்ட செடியை கோகோபீட் நிறைஞ்ச தொட்டியில வச்சு தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தினா வேர் அழுகிடும்.

வேர் அழுகினா தண்ணி மேலே ஏறாது, இலை தொங்கிடும். நாம தாகம்னு நினைச்சு இன்னொரு மக் ஊத்துவோம். அதோட கதை முடிஞ்சுது. அதனால, இலை தொங்கினா முதல்ல மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா ஊத்தாதீங்க.

நான் வைக்கிற முறை இதுதான். அடியில துளை உள்ள 8 இன்ச் மண்தொட்டி. செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் கால் பங்கு. மேல் மண் 2 இன்ச் காய்ஞ்ச பிறகுதான் தண்ணி, அதுவும் காலையில, இலையில படாம. தினமும் 6 மணி நேரமாவது வெயில் வேணும். நிழல்ல வச்சா வெள்ளி மங்கிப் பச்சை தட்டும்.

சென்னையில மே மாச மதிய வெயிலுக்கு மட்டும் மறைப்பு கொடுங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை படாத, காத்து வர்ற இடத்துக்கு மாத்திடுங்க. மழைக்கு முன்னாடியே 4 இன்ச் நுனிக் கட்டிங் ரெண்டு வெட்டி ஈர மணல்ல நட்டு வைங்க. தாய்ச்செடி போனாலும் பிள்ளை இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: இந்த இலை நாய், பூனைக்கு நஞ்சு. எட்டாத உயரத்துல வைங்க.

இனிமே நர்சரிக்குப் போனா, எந்தச் செடியா இருந்தாலும் வாங்குறதுக்கு முன்னாடி அதோட சொந்த ஊர்ல மழை எப்படின்னு தேடிப் பாருங்க. அதுக்கப்புறம் கைராசியைப் பத்திப் பேசலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!