வேடன் தலையில் விழுந்த மாலை

(நூற்றாண்டு விழாவையொட்டி நாலந்தாவில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பள்ளிக் காலத்தில் நாங்கள் நாலந்தாவுக்குச் சுற்றுலா வந்தபோது கெடிகேயைச் சுற்றி ஓடி விளையாடினோமே தவிர, அதை நின்று பார்க்கவில்லை. இன்று காலை நின்று பார்த்தோம். 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் பல்லவர் பாணியில் எழுந்த கற்கோயில் இது. இந்து மரபும் பௌத்த மரபும் ஒரே சுவரில் கலந்து நிற்கின்றன. போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது நீரில் மூழ்கவிருந்த இக்கட்டடத்தைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டுக்குக் கொண்டுவந்து மீண்டும் அடுக்கினார்கள்.

பல்லவர் என்றதும் மாமல்லபுரம் நினைவுக்கு வருகிறது. அங்கே பெரும் பாறையில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் ஒருவரைச் செதுக்கியிருக்கிறார்கள். பகீரதன் என்று சொல்வோரும் உண்டு. ஆனாலும் அருச்சுனன் தபசு என்றே பலரும் அதை அழைக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கதை பாறையிலிருந்து வரவில்லை. தோட்டத்துக் கூத்திலிருந்து வந்தது.

கோப்பித் தோட்டக் காலத்தில் எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். தப்பி வந்தவர்களின் மூட்டையில் பொருள் அதிகம் இருக்கவில்லை. ஆனால் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அவர்களோடு வந்தன. விடிய விடிய நடக்கும் கூத்தில் அருச்சுனன் வேடதாரி உயர்ந்த தபசு மரத்தில் ஏறும்போது, கீழே அப்பாயியும் அம்மாயியும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர்கள் மடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்த பிள்ளைகள் இந்தச் சபையிலும் இருக்கிறோம்.

கதை எல்லோருக்கும் தெரியும். பாசுபதம் வேண்டிக் கடுந்தவம் புரிகிறான் அருச்சுனன். ஒரு பன்றி பாய்ந்து வருகிறது. அவனும் அம்பு விடுகிறான், ஒரு வேடனும் அம்பு விடுகிறான். ‘இது என் வேட்டை’ என்று சண்டை மூளுகிறது. அம்பறாத்தூணி வெறுமையாகிறது, வில் பறிபோகிறது, வாள் முறிகிறது. மல்யுத்தத்திலும் தோற்று விழுகிறான்.

மகாபாரதத்தில் இதன் பின்னர் வரும் ஒரு சிறு காட்சியைக் கூத்து பார்த்த வயதில் நாங்கள் கவனிக்கவில்லை. தோற்றுப்போன அருச்சுனன் மண்ணால் இறைவன் உருவம் பிடித்து, அதற்கு ஒரு மாலை சூட்டுகிறான். நிமிர்ந்து பார்த்தால், அந்த மாலை வேடனின் தலையில் இருக்கிறது! யாரை நோக்கித் தவம் இருந்தானோ அவரோடுதான் இவ்வளவு நேரமும் மல்லுக்கு நின்றிருக்கிறான்.

இந்தக் காட்சியின் பொருளை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் ஒரு நோயாளி.

வைத்தியத் தொழிலில் காலெடுத்து வைத்த ஆண்டுகள் அவை. வெளிநோயாளர் பிரிவில் மேசைக்கு மேலே ஒரு சிவன் படம் இருந்தது. காலையில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டே முதல் நோயாளியை அழைப்போம். ஒருநாள், தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு மூதாட்டி வந்தார். இரண்டு கிழமைக்குள் மூன்றாவது தடவை. “நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு தாயி. மேடு ஏற முடியல” என்றார். வெளியே நீண்ட வரிசை. “வாயுதான் அம்மா, சும்மா சும்மா வராதீங்க” என்று சொல்லி, முன்பு கொடுத்த அதே குளிசையை எழுதிக் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

மறுநாள் இரவு அம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். மாரடைப்பு.

‘கொடுத்தோம்’ என்று பன்மையில் சொல்வது எவ்வளவு வசதியாக இருக்கிறது! அந்தச் சீட்டில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்து.

உயிர் தப்பினார். ஆனால் இதயம் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்கக் கட்டிலருகே போனபோது, “நீயும் நம்ம புள்ளதானே தாயி, வெசனப்படாத” என்று கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். திரும்பி வந்து பார்த்தபோது, காலையில் வைத்த பூ படத்தின்மேல் வாடிக் கிடந்தது. அந்தப் பூ எந்தத் தலையில் விழுந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது.

சகோதரிகளே, ஒரு வைத்தியராகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிளக்கும் வலியாகவே வருவதில்லை. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அது மேல்வயிற்று எரிவாக, மூச்சு வாங்கலாக, தாடையிலோ முதுகிலோ வலியாக, இனந்தெரியாத களைப்பாகவும் வரலாம். ‘வாயு’ என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போய் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்று முதல் ஒரு சிறு பழக்கம் வந்தது. சீட்டு எழுதுமுன் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “இன்னும் ஏதாவது சொல்ல வேணுமா?” என்று கேட்பது. அரை நிமிடம்கூட ஆகாது. பல தடவை உண்மையான நோய் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறது. வரிசை இன்றும் நீளமாகத்தான் இருக்கிறது; சில நாட்களில் கேட்கத் தவறியும் விடுகிறோம். தவறிய நாளில் அந்த முந்தானை முடிச்சு கண்முன் வந்து நிற்கும்.

எமது தவத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. படித்தோம், பட்டம் பெற்றோம், விரதம் இருக்கிறோம், கொழும்பிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் கோயில் கட்டுகிறோம். அருச்சுனனின் தவமும் பொய்யல்ல. ஆனால் வேடனை அறிந்துகொண்ட பிறகே அவனுக்குப் பாசுபதம் கிடைத்தது. எம் வேடன் வங்கிக் கவுண்டரில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் பெரியவராக இருக்கலாம்; வீட்டில் எமக்குச் சமைத்துத் தரும் பெண்ணாக இருக்கலாம்; கடைசி வாங்கில் ஈரச் சப்பாத்தோடு இருந்த, எவருடைய பேச்சைக் கேட்டு நாம் சிரித்தோமோ, அந்தத் தோட்டத்துத் தோழியாகவும் இருக்கலாம். அவர் இன்று இங்கே வந்திருந்தால், சாப்பாட்டு வேளையில் அவர் பக்கத்தில் போய் அமருவோம்.

இந்தக் கெடிகேயை இடம் மாற்றியவர்கள் ஒவ்வொரு கல்லையும் பார்த்து, அதன் இடம் அறிந்து வைத்தார்கள். எம் முன்னால் வரும் ஒவ்வொருவரையும் அந்த அளவுக்காவது பார்ப்போம்.