புதுக் கோழியை எப்போ உள்ள விடலாம்?

திருவொற்றியூர்ல இருந்து ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. மொட்டை மாடியில பன்னிரண்டு நாட்டுக்கோழி வளர்க்கிறாங்க. முட்டை வித்துத்தான் பொண்ணோட ட்யூஷன் ஃபீஸ். இப்போ சந்தையில ஒரு சிறுவிடை வாங்கியிருக்காங்க. "உள்ள விட்டா கொத்தியே கொன்னுடுமா தம்பி?"ன்னு கேட்டாங்க.

கொத்தும்க்கா. ஆனா நான் பயப்படுறது வெள்ளைக்கழிச்சலுக்கு. ராணிக்கெட் நோய்னு சொல்றதும் இதைத்தான். 1920-கள்ல உத்தராகண்ட் பக்கம் ராணிக்கெட்ங்கிற மலையூர்ல தெரிய வந்ததால அந்தப் பேரு. வைரஸ் நோய், குணப்படுத்த மருந்து கிடையாது. சந்தையில துறுதுறுன்னு இருந்த கோழிக்கு அறிகுறி தெரியவே ரெண்டு வாரம் ஆகலாம். அதுக்குள்ள பன்னிரண்டுக்கும் ஒட்டிடும்.

அதனால மூணு நாலு வாரம் தனியா வைங்க. அதே மாடி மூலையில கூடையைக் கவுத்து வெச்சா அது தனிமை இல்லை. நம்ம ஏரியா வீட்ல இடம் ஏதுன்னு கேப்பீங்க. கீழ மாடிப்படிக்கு அடியில வைங்க, போதும். தீனித்தட்டு, தண்ணிக் கிண்ணம் வேற. முதல்ல பழைய கோழிங்களைப் பாருங்க, கடைசியா புதுசு. அப்புறம் கை, செருப்பு கழுவிடுங்க. நாங்களும் புது கோடை நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்த மாட்டோம், ஸ்டேஜிங்ல ஓடவிட்டுத்தான் பார்ப்போம்!

பச்சையும் வெள்ளையுமா கழியுதா, வாயைத் திறந்து மூச்சு விடுதா, கழுத்து திருகுதான்னு தினமும் கவனிங்க. இறக்கையைத் தூக்கி பேன் இருக்கான்னும் பாருங்க. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல தடுப்பூசி கேளுங்க, பழசு புதுசு எல்லாத்துக்கும். போட்ட அன்னைக்கே பலன் வராது, ரெண்டு வாரம் ஆகும்.

இப்போ கொத்து விஷயம். கோழிக் கூட்டத்துல யாரு யாரைக் கொத்தலாம்னு ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே, சின்ன வயசுல இருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்து, 1922-ல இதை எழுதி வெளியிட்டார். புதுசு ஒண்ணு வந்தா அந்த வரிசை கலைஞ்சு மறுபடி அமையணும். சண்டை அதுக்குத்தான்.

ஒரு வாரம் நடுவுல கம்பி வலை போடுங்க, பார்க்கட்டும், தொட வேணாம். அப்புறம் ராத்திரி கோழிங்க அடைஞ்சதும் புதுசைத் தூக்கி நடுவுல உட்கார வைங்க. இருட்டுல அதுங்களுக்குக் கண்ணு சரியா தெரியாது, சண்டை வராது. ஆனா விடியறதுக்கு முன்னாடி நீங்க மாடியில இருக்கணும். தீனி ரெண்டு மூணு இடத்துல வைங்க. காசிமேட்டு மீன் கழிவு போடுறவங்க அதையும் ஒரே குவியலா கொட்டாதீங்க, பலசாலி மட்டும்தான் தின்னும்.

லேசா கொத்தினா விட்டுடுங்க. ரத்தம் வந்தா உடனே பிரிங்க, சிவப்பைப் பார்த்தா மத்ததும் சேர்ந்து கொத்தும். முடிஞ்சா ஒண்ணுக்கு ரெண்டா வாங்குங்க, அடி பங்காகும்.

அக்கா, இந்த வாரம் ஊசியைப் போட்டுட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.